காட்டுமாட்டுக்குச் செய்ததை வகுப்பிலும் செய்தேன்

இன்றைக்குப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்தில் பிரசன்டேஷன். இதில் பாஸானால்தான் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு விடுவார்கள்.

வெள்ளனே வில்பட்டியில் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன். எங்கள் பூண்டுத் தோட்டத்து வரப்பில், பனிக்குள் ஒரு காட்டுமாடு நின்றது. நான் திரும்பி ஓடப் பார்த்தேன்.

பின்னால் வந்த அப்பா கிசுகிசுத்தார். "ஏலே, ஓடாத. அது கண்ணப் பாக்காத. சத்தம் போடாம மெதுவா பின்னால வா."

அப்படியே செய்தேன். அது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது.

வகுப்பில் முன்னால் போய் நின்றேன். அத்தனை கண்களும் என்மேல். மறுபடி அதே பயம்.

"குட் மார்னிங்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே அடி அடியாகப் பின்னால் போயிருக்கிறேன். முதுகு போர்டில் இடித்த பிறகுதான் தெரிந்தது.

"ஏம்ப்பா பின்னாடியே போறீங்க? எங்க கண்ணப் பாத்துச் சத்தமாப் பேசுங்க" என்றார் மேடம்.

எங்க ஊர்ல அப்படிச் செஞ்சவங்க ஆஸ்பத்திரியில கெடக்காங்க மேடம் என்று சொல்ல நினைத்தேன். இங்கிலீஷில் வரவில்லை.

அடுத்த வாரம் மறுபடி பேச வேண்டுமாம்.

காட்டுமாடாவது ஒரு தடவையோடு விட்டது. நீங்களே சொல்லுங்க, நான் எதைப் பார்த்துப் பயப்பட?