வெள்ளைத்தாளில் நாலு கையெழுத்து

என் அண்ணனை மரியாதையாக 'அவர்' என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இந்தக் கதையில் 'அவன்' போதும். இது அவனுடைய கதையும் இல்லை, அண்ணியுடைய கதை.

அண்ணி ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். பதினாறு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ரத்தம் பார்த்தவர். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், ஸ்லைடைத் தன் கண்ணால் பார்க்காமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடமாட்டார். பெரிய டாக்டரே அவசரப்படுத்தினாலும், "பாத்துட்டுத்தான் சார் போடுவேன்" என்பார். அடுத்த தலைமை டெக்னீஷியன் அவர்தான் என்று லேபில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அண்ணனை அவன் கம்பெனி ஒரு வருஷத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்பியது. நான் கல்யாணமாகி ஏற்கெனவே குடியிருந்த அதே ஊர். அவன் தனியாக வந்திருக்கலாம். ஆனால் வெந்நீர் வைக்கக்கூடத் துணை தேடுகிறவன் எப்படித் தனியாக வருவான்? "ஒரே வருஷம், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று அண்ணியைச் சம்பளமில்லாத லீவு போட வைத்து, ஒன்பது வயது மகளோடு கூட்டி வந்தான்.

கிளம்பும் அவசரத்தில் இன்னொன்றும் செய்தான். பேங்க், கேஸ் சிலிண்டர், வீட்டு வரி என்று எதற்காவது தேவைப்படும் என்று நாலு வெள்ளைத்தாளில் அண்ணியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். எங்கள் வீட்டில் இது வழக்கம். அம்மா அப்பாவுக்குப் போட்டுக் கொடுப்பார், நான் என் வீட்டுக்காரருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். புருஷனிடம் போய் யார் காரணம் கேட்பார்கள்? லேபில் அத்தனை கறாராக இருந்த அண்ணியும் கேட்கவில்லை.

இங்கே அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தது நான்தான். என் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. ஜன்னல் ஒரு சாண் அளவுக்குத்தான் திறக்கும். துணி துவைக்கக் கீழ்த்தளத்து மெஷினில் பேர் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாலு நாளில் அண்ணி அந்த வீட்டைத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஃபிரிட்ஜில் ஒவ்வொரு டப்பாவிலும் தேதி எழுதிய சீட்டு. குழம்பு வைத்த நேரம்கூட இருக்கும். "இது என்ன சாம்பாரா, சாம்பிளா?" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பார்.

பகலெல்லாம் அவருக்கு வேலையில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டார். அவர் படிப்பு இங்கே செல்லாது, வேண்டுமானால் சும்மா வந்து நோயாளிகளுக்கு வழி காட்டலாம் என்றார்கள். போய் வழி காட்டினார். அங்கே லேப் கதவில் ஒரு கண்ணாடி உண்டு. போகும்போதும் வரும்போதும் உள்ளே பார்ப்பாராம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். "இன்னும் நாலு மாசம்தானே" என்று அவரே தேற்றிக்கொள்வார்.

ஒன்பதாவது மாசம் நான் ஊருக்கு லீவில் போனேன். கிளம்புமுன் அண்ணன் ஒட்டின கவர் ஒன்றைக் கொடுத்தான். "அண்ணியோட லீவு பேப்பர். ஆஸ்பத்திரி ஆபீஸ்ல குடுத்துடு." கொடுத்தேன். அங்கே ரிஜிஸ்டரில் கொண்டுவந்தவர் என்ற இடத்தில் என் பேரை எழுதி, உறவு என்ற இடத்தில் 'நாத்தனார்' என்றும் எழுதினேன். கவரில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

மூணு மாசம் ஆகப்போகிற சமயம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அண்ணியும் நானும் அவர் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். டூட்டி லிஸ்டில் தன் பேரைப் போடச் சொல்ல அண்ணி லேபுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னம்மா விளையாடறீங்களா?" என்றார் தலைமை டெக்னீஷியன். "நீங்கதான் ராஜினாமா குடுத்துட்டீங்களே. உங்க நாத்தனார்தானே கொண்டுவந்து குடுத்தாங்க. மூணு மாச நோட்டீஸ், இன்னும் ஒம்பது நாள்ல முடியுது."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். 

அண்ணன் ஹாலில்தான் இருந்தான். மறுக்கவில்லை. கம்பெனியில் இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்லிவிட்டார்களாம். குடும்பம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று நல்லதுக்குத்தான் செய்தானாம். வெள்ளைத்தாளில் ஒன்றை எடுத்து, கையெழுத்துக்கு மேலே ராஜினாமாவை டைப் அடித்திருக்கிறான்!

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" என்றார் அண்ணி.

"கேட்டா நீ ஒத்துக்கமாட்டே."

இந்தப் பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியுமாம், அதனால்தான் கேட்கவில்லையாம். இதைச் சொல்ல அவனுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

திங்கட்கிழமை அண்ணி ஆஸ்பத்திரி ஆபீஸுக்குப் போன் செய்தார். நோட்டீஸ் முடிவதற்குள் நேரில் வந்தால் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் கடிதம் அவருக்குத் தெரியாமல் வந்தது என்று, கொண்டுவந்து கொடுத்தவரே எழுதித் தர வேண்டும். அதாவது நான். அண்ணி என்னிடம் கேட்கவே இல்லை. மகளின் ஸ்கூல் பேப்பர்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

அண்ணன்தான் என்னைத் தேடி வந்தான். "நீ எழுதிக் குடுத்தா நாளைக்கு என் மேல கேஸ் வரும். கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுப்பியா?"

"நீ என்னைத் தபால்காரி ஆக்கினப்போ கூடப் பொறந்தவன்னு தெரியலையா?" என்றேன்.

அம்மா போனில் அழுதார். பெண்பிள்ளை குடும்பத்தைப் பிரிக்கலாமா என்றார். பிரித்தது யார் என்று கேட்டுப் போனை வைத்துவிட்டு எழுதினேன். கவரை என் அண்ணன் கொடுத்தான், உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, என் அண்ணிக்கு அப்படி ஒரு கடிதம் போனதே தெரியாது. மூன்று தடவை படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். பெட்டிகள் உள்ளே போனபின், என் வாயை அடக்கமுடியவில்லை. "அண்ணி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. அதைத்தான் எழுதியும் குடுத்துட்டேனே."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா அது என்னோட பேப்பர். நான் ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்தேன். 'அண்ணி, இது என்ன'ன்னு நீயும் என்கிட்ட கேக்கலையே."

அவருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. என்னோடு அவர் பேசி ஏழு மாசம் ஆகிறது.