நடுவில் ஒரு இடம் விடச் சொன்ன ஆரோக்கியராஜ்

செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் ஆலை லைன் வாட்ஸ்அப் குழுவில் ஓவர்டைம் பட்டியலுக்கும் பஸ் தாமதத்துக்கும் நடுவே அந்தச் செய்தி வந்தது. ‘நம்ம ஐ.டி. ஆரோக்கியராஜ் நெஞ்சுவலியில் தவறிட்டார்.’ எவனோ அவசரத்தில் அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தான். போன் போட்டுத் திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஆரோக்கியராஜ் இருந்திருந்தால், “விடுக்கா, பஸ்ல நின்னுகினு தட்டியிருப்பான்” என்று அவனுக்கும் வக்காலத்து வாங்கியிருப்பார்.

என்னைவிட நான்கு வயது இளையவர். ஒரகடத்தில் எங்கள் ஆலையில் எந்தக் கம்ப்யூட்டர் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். குழுவில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு நான் ஒப்பந்தத் தொழிலாளி. ஆறு வருடம் காத்திருந்து, நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் பெயர் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதற்குள் ஒரு சின்னப் புகார் வந்தாலும் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்த வாரம் பார்த்து, பாகங்களைப் படம்பிடித்துச் சோதிக்கும் கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகியது. ஆரோக்கியராஜ் தங்கை கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். “புது போர்டு ஸ்டோர்ல கீது. நாளைக்கு வந்து மாத்தறேன், யாரும் கை வெக்காதீங்க” என்றார் போனில்.

யாரும் என்றால் நான் அதில் சேர்த்தி இல்லை என்று எடுத்துக்கொண்டேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் என்கிற திமிர். எல்லோரும் கேன்டீனுக்குப் போன நேரத்தில் நானே மாற்றினேன். மெமரி அட்டைகள் இரண்டு, செருகும் இடங்கள் நான்கு. எங்கள் ஆலையில் முதல் நாளே மண்டையில் ஏற்றுவார்கள்: ஒரே மாதிரிப் பொருள் ஒட்டி இருக்க வேண்டும், காலி இடம் கடைசியில். ஸ்பேனருக்கும் துடைப்பத்துக்கும் உள்ள விதி மெமரிக்கு இல்லாமல் போகுமா? இரண்டையும் ஒட்டிச் செருகினேன்.

கம்ப்யூட்டர் ஓடியது, எருமை மாதிரி. கண்மூடித் திறப்பதற்குள் வருகிற படம் மூன்று மூச்சு விட்ட பிறகு வந்தது. பெல்ட்டில் பாகங்கள் குவிந்தன. “யாரு போர்டை மாத்தினது?” என்று சூப்பர்வைசர் கத்தினார். நானும் கூட்டத்தோடு சேர்ந்து, “யாருப்பா அது?” என்று கேட்டேன். போதாக்குறைக்கு, ஆரோக்கியராஜ் வாங்கிய மெமரி மட்டம் என்றும் சொல்லி வைத்தேன்.

மறுநாள் லட்டுப் பெட்டியோடு வந்தார். வைரஸ் பார்த்தார், கேமரா ஒயர் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் மெமரியின் வேகத்தைப் பார்த்துவிட்டு மூடியைக் கழற்றி, என்னைக் கூப்பிட்டார்.

“மெமரி மேல தப்பு இல்லக்கா. ரெண்டும் ஒரே வழியில முட்டிக்கினு கீது. நடுவுல ஒரு இடம் விட்டு வெச்சா ஆளுக்கொரு வழி.”

மாற்றிச் செருகி, செட்டிங்கில் வேகத்தையும் கூட்டினார். “புது போர்டு புது சூப்பர்வைசர் மாதிரி. யாரு எவ்ளோ ஓடுவாங்கன்னு அதுக்குத் தெரியாது, நாமதான் சொல்லணும்.” படம் பழையபடி பளிச்சென்று வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, “போர்டு ஓரத்துல குங்குமம் யாருக்கா வெச்சது?” என்றார்.

புதுப் பொருள் என்றால் பொட்டு வைக்காமல் என் கை சும்மா இருக்காது, அது அவருக்கும் தெரியும். “வெள்ளிக்கிழமை வரைக்கும் வாய மூடினு இரு” என்று சொல்லி, பராமரிப்புப் பதிவேட்டில் ‘மாற்றியவர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார்.

“நீதான் லீவாச்சே?” என்றார் சூப்பர்வைசர்.

“பந்தி நடக்கசொல்ல வந்துட்டுப் போனேன் சார்.”

அந்த வாரம் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, எனக்கு நிரந்தர வேலை வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். “விடுக்கா” என்பார். ஆனால் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, “போர்டுக்கு நீதான் பொட்டு வெக்கணும், உன் கை ராசி” என்று எல்லோர் முன்னாலும் என் மானத்தை வாங்குவார். அந்த மாதா கோயில்காரருக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

அடக்கம் முடிந்த மறுநாள், பழைய பதிவேட்டை எடுத்துப் பிரித்தேன். “இன்னாம்மா பண்றே?” என்றார் சூப்பர்வைசர். நடந்ததைச் சொன்னேன். இனி கடிதம் வந்தால் என் பேருக்கே வரட்டும்.

இந்த வேலை அவர் விட்டுப்போனது. அதை நான் வைத்துக்கொள்கிறேன், பழியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டேன். ‘மாற்றியவர்’ என்ற இடத்தில் அவர் பெயரை அடிக்க மனம் வரவில்லை. அதே வரியில், நடுவில் ஒரு இடம் விட்டு, என் பெயரை எழுதினேன்.