பாப்பா மார்க் ஓமத் தண்ணீர்

1. மாலை போட்ட தட்டி

லேபிள் எழுதும் வேலையில் நான் வெகுகாலம் இருந்தேன். என் தொழில் மேல் எனக்கு முதன்முதலாக வெறுப்பு வந்த இடம் திருச்செங்கோட்டுச் சந்தை. அங்கே ஒரு விளம்பரத் தட்டிக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள்.

தட்டியில் இருந்த படம் நான் எழுதியது. கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை, கையில் ஓமத் தண்ணீர் பாட்டில். நான் வைக்காத குங்குமம் ஒன்று நெற்றியில் அப்பியிருந்தது. தட்டிக்குக் கீழே கடைக்காரர் பழனியப்பன் உட்கார்ந்திருந்தார். ஓமத் தண்ணீர் காய்ச்சி விற்பவர் அவர்தான். படத்தில் இருந்தது அவருடைய ஒரே மகள் செல்லம். காய்ச்சல் கண்டு இறந்து, காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். பாட்டிலை எடுத்து விலை கேட்டாள். நிமிர்ந்து தட்டியைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் பாட்டிலை வைத்துவிட்டு, தன் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைக்கு வயிற்றுவலி என்று வந்தவளுக்கு, மாலை போட்ட பிள்ளையைக் காட்டினால் எவள் வாங்குவாள்?

பழனியப்பன் அந்தப் பாட்டிலைத் துடைத்து, மறுபடியும் வரிசையில் வைத்தார்.

2. கன்னத்தை ஊத வை

இது யுத்தத்துக்கு முந்திய கதை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லித்தோ அச்சகத்தில் எனக்கு வேலை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: லித்தோ என்றால் கல் அச்சு. வழவழப்பான கல்லில் படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக மாற்றி எழுத வேண்டும். ஒரு வர்ணத்துக்கு ஒரு கல். வேலை முடிந்தால் கல்லை மணல் போட்டுத் தேய்த்து, அடுத்த படத்தை அதிலேயே எழுதுவோம்.

பழனியப்பன் லேபிள் கேட்டு வந்தபோது செல்லத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். முருகன் படம் போடச் சொன்னார். அவரைவிட எங்கள் முதலாளி விவரமானவர்.

"சாமி படம் போட்ட காயிதத்தக் கிழிக்க யாருக்கும் மனசு வராதுய்யா. காலி பாட்டில குப்பையில போடறதுக்கும் யோசிப்பான். கொழந்தைக்கான சரக்குக்குக் கொழந்த படந்தான் போடணும். இந்தப் பாப்பாவையே போட்டுடலாமே?" என்றார்.

செல்லத்தை ஸ்டூலில் உட்கார வைத்துப் பென்சிலால் எழுதினேன். காகிதத்தைப் பார்த்த முதலாளி உதட்டைப் பிதுக்கினார். குழந்தை ஒல்லி, நல்ல கறுப்பு.

"ஏம்பா, இதப் பாத்தா ஓமத் தண்ணி குடிச்ச கொழந்த மாதிரியா இருக்குது? கன்னத்த ஊத வை. கைக்குச் சதை போடு. ரோஸ் கல்லு ஒண்ணு சேத்துக்கோ."

ஊத வைத்தேன். அதுதானே என் வேலை. புரூஃப் என்கிற மாதிரி அச்சைப் பார்த்துப் பழனியப்பன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏனுங்க, எம்புள்ளைக்கு வருசம் பூராத் தேனும் நெய்யுமாப் போட்டாலும் இப்பிடி ஆவாதுங்க."

ஆனால் மார்க் பிய்த்துக்கொண்டு போனது. படிக்கத் தெரியாத சனம் "பாப்பா தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கிற்று. நாமக்கல், ராசிபுரம், சங்ககிரி என்று ஏஜெண்டுகள் வந்தார்கள். தட்டிக்கென்று பெரிய அளவிலும் அச்சடித்தோம். செல்லமும் அப்பாவோடு சந்தைக்குப் போய்த் தட்டிக்குக் கீழேயே விளையாடும். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. ஒருநாள் ஒரு பாட்டியம்மா அவளிடமே, "படத்துல இருக்கற பாப்பா ஆரு கண்ணு?" என்று கேட்டாளாம். "நானு" என்றதாம் குழந்தை. சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அது அழுதுவிட்டதாம். பழனியப்பன் அச்சகத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் இதை எங்களிடம் சொல்லுவார்.

3. பசுமாடு வேண்டாம்

செல்லம் இறந்த பிறகு ஏஜெண்டுகள் சரக்கைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். "சொந்தப் புள்ளையவே காப்பாத்தாத தண்ணி" என்ற பேச்சு சந்தைக்குச் சந்தை போய்விட்டது. விஷக்காய்ச்சலுக்கும் ஓமத் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை என்று யாரிடம் போய் விளக்குவது? முதலாளி என்னைக் கூப்பிட்டு, கன்றோடு நிற்கும் பசுமாடு ஒன்றை லேபிளாக எழுதச் சொன்னார். அந்தப் புரூஃபோடுதான் நான் அன்று திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏறியிருந்தேன்.

பழனியப்பன் பசுமாட்டை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. இது வேண்டாமுங்க."

"மார்க்க மாத்தாட்டிப் போகுதுங்க. அந்த மாலையையாச்சும் எடுத்துடுங்க. மாலையப் பாத்துட்டுத்தான் சனம் ஓடுது" என்றேன்.

"செத்துப்போன புள்ள படத்த மாலை இல்லாம மொட்டையா வெக்கச் சொல்றீங்களா? நல்ல நாளும் அதுவுமாப் பூ வெக்கறதுக்கு எங்கிட்ட வேற படம் இல்லீங்க. போட்டாவே புடிச்சதில்ல. இது ஒண்ணுதான்."

"அப்படின்னா தட்டிய ஊட்டுக்குக் கொண்டுபோய் வெச்சுக்குங்க. கடைக்கு மாடு இருக்கட்டும்."

அவர் நிமிர்ந்து தட்டியைப் பார்த்தார். பிறகு, "ஊட்ல வெச்சுட்டா நா இங்க தனியா உக்காந்திருக்கோணுமுங்க" என்றார்.

புரூஃபைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மழைக்காலம் வருவதற்குள் கடை படுத்துவிட்டது. அவர் ஓர் எண்ணெய்ச் செக்கில் கூலிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டோம்.

4. எழுத்து இல்லாத படம்

பாப்பா மார்க் கற்களை முதலாளி தேய்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். மூக்குப்பொடி லேபிளுக்குக் கல் வேண்டியிருந்தது. நான் ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது பழனியப்பன் ஒருநாள் அச்சகத்துக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"எழுத்து இல்லாம ஒரு படம் வேணுமுங்க. எங்கூட்டுக்காரி கேக்கறா. கடைப்பேரு, வெல எல்லாம் போட்டத வெச்சு எப்பிடிங்க பூசை பண்றது? பாப்பா மட்டும் இருந்தாப் போதும்."

ஒரு மணி நேர வேலைதான். எழுத்திருந்த இடத்தையும் பாட்டிலையும் கல்லில் சுரண்டினேன். மூன்று வர்ணமும் ஏற்றி ஒரே ஒரு தாள் எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"கன்னம் இப்பிடி இல்லீங்களே அவளுக்கு" என்றார். "ஒட்டித்தான இருக்கும். அவ மாதிரியே கொஞ்சம் மாத்திக் குடுங்க."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இந்த மனுஷனுக்கு நான் செய்யக்கூடிய ஒரு காரியமாவது கிடைத்ததே என்று வெறுந்தாளையும் பென்சிலையும் எடுத்து உட்கார்ந்தேன். ஸ்டூலில் இருந்த குழந்தையை நினைத்துப் பார்த்தேன். எனக்கு லேபிளில் இருந்த முகம்தான் வந்தது. முதலில் எழுதிய பென்சில் படத்தை அப்போதே கசக்கிப் போட்டாயிற்று.

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். கன்னம் ஒட்டி இருக்கும். மூக்கு?"

"மூக்கு..." என்றார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். "சிரிச்சான்னா இந்தப் பக்கம்..." என்று தன் கன்னத்தில் விரலை வைத்தார். விரலை எடுத்து அடுத்த கன்னத்தில் வைத்தார். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டார்.

"தெனமும் இதையே பாத்துட்டு உக்காந்திருந்தனுங்களா. கண்ண மூடுனா இதுதானுங்க வருது."

நான் பென்சிலை வைத்துவிட்டேன். அவர் படத்தைச் சுருட்டி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"இதையே கொண்டுபோய்க் குடுத்தர்றனுங்க. மொகம் இப்பிடித்தான் இருந்துச்சான்னு அவளக் கேக்க எனக்குத் தகிரியம் இல்லீங்க. வாரேனுங்க."

அன்று சாயங்காலமே கற்களைத் தேய்த்தோம்.

மார்க் எப்படிப் பிடிக்க வைப்பது என்று இப்போது என்னிடம் கேட்டு வருகிறார்கள். ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டு, சனத்துக்கு வேறு முகம் ஞாபகம் வரக் கூடாது என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். தொழிலில் அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. அது எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதைத்தான் சொல்வதில்லை. பெற்ற தகப்பனிடமே பலித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு மயில் எழுதினேன், மான் எழுதினேன், யானை எழுதினேன். யாருடைய குழந்தையையும் எழுதவில்லை.