பருத்திக்கொட்டை போடாத பால்

வேப்பம்பட்டு ரயில் நிலையத்துக்கு அப்பால், மனைகளாகப் பிரிக்கப்பட்டு இன்னும் வீடு எழும்பாத நிலங்களின் ஓரத்தில் தங்கவேலின் மாட்டுக் கொட்டகை இருக்கிறது. அவருடைய தகப்பனார் அதே நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர். தங்கவேலோ அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பத்தொன்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரம் ஓட்டினார். பட்டறை மூடப்பட்டபோது இரண்டு கறவை மாடுகள் வாங்கினார். நாளடைவில் அவை நான்காயின. நெமிலிச்சேரி அடுக்ககம் ஒன்றில் இருபத்திரண்டு வீடுகளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்தான் பால் ஊற்றி வந்தார்.

கறக்க உட்காருமுன் பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் அடியில் இரண்டு தட்டுத் தட்டுவது அவர் வழக்கம். வாடிக்கையாளர் வாசலிலேயே மாட்டைக் கட்டிக் கறந்த பழைய பால்காரர்கள், உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை என்று காட்டுவதற்காகச் செய்தது அது. பார்ப்பவர் ஒருவருமில்லாத கொட்டகையிலும் தங்கவேல் அதை விட்டதில்லை. அந்தச் சத்தம் கேட்டால்தான் செவலைப் பசு சுரப்பு விடும் என்ற அளவுக்கு அது பழகிப் போயிருந்தது. அடுக்ககத்தில் அவரைத் ‘தண்ணி கலக்காத தங்கவேல்’ என்பார்கள். அவர் ஈட்டிய பெயர் அது ஒன்றுதான்.

சென்ற சித்திரையில் ஒருநாள் காலை, குடியிருப்போர் சங்கச் செயலாளர் மனோகரன் அவரை வாயிற்கதவருகே நிறுத்தினார். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். எதையும் விசாரித்து அறிய வேண்டும் என்னும் இயல்பினர்.

“தங்கவேல், மாட்டுக்கு என்ன தீவனம் போடறீங்க?”

“பச்சப்புல்லு, தவுடு, பருத்திக்கொட்ட சார். ஊறவச்சு அரைச்சு ஊத்துவேன். அதான் பாலு இப்டி கெட்டியா கீது.”

“மரபணு மாத்தின பருத்தியா?”

“இன்னாது மாத்துனது சார்?”

இரண்டாம் மாடியில் குடியிருக்கும் நிவேதிதா, நான்கு வயது மகனைக் கையில் பிடித்தபடி விளக்கினாள். “புழுவைக் கொல்ற குணத்தை விதையிலயே சேர்த்துடுவாங்களாம்ணா. மாடு அதைத் தின்னா பால்ல வருமோ என்னமோ, பயமா இருக்கு. தம்பிக்கு ஏற்கெனவே உடம்பெல்லாம் தடிப்பு.”

வரும் என்று நிறுவியவர் யாரும் அங்கே இல்லை. வராது என்று தேற்றக்கூடியவரும் இல்லை.

தங்கவேல் நேரே தீவனக் கடைக்குச் சென்று கேட்டார். கடைக்காரர் வீரராகவன் சிரித்தார்.

“நைனா, இப்ப வர்ற பருத்தி முக்காலே மூணுவீசம் அந்த ரகந்தான். மூட்டை மேல ‘நாட்டுப் பருத்தி’ன்னு எழுதித் தரட்டா? ஒரு மார்க்கர் பேனா போதும்.”

“வேணாம்பா.”

கேட்டதைக் கேட்டபடியே வந்து சொன்னார். அப்படியானால் நிறுத்திவிடுங்கள் என்றது சங்கம். ஒப்புக்கொண்டார். வீட்டில் மனைவி வேம்புலியம்மாள்தான் பொரிந்து தள்ளினாள்.

“இன்னாய்யா, புத்தி கெட்டுப் பூட்ச்சா? கொட்ட இல்லாம செவல கறக்குமா? நிறுத்திட்டேன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போட்டுகினு இரு. மாடா வந்து சாட்சி சொல்லப்போவுது?”

“மாடு சொல்லாது. நா சொல்லிட்டேனே.”

கடலைப் பிண்ணாக்கும் தவிடும் தம்மால் இயன்ற அளவு வைத்தார். மூன்றாம் வாரத்தில் பால் இளைத்தது. ஆடை மெலிந்தது, தயிர் முன்போல் கட்டியாக உறையவில்லை. நான்காம் வாரம், மனோகரன் கண்ணாடித் தம்ளரில் பாலை ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“தீவனத்தை மாத்தத்தான் சொன்னோம் தங்கவேல். பாலை மாத்தச் சொல்லலையே.”

“கொட்டய நிறுத்துனா இப்டித்தான் சார் ஆவும்.”

“தண்ணி கலந்தாலும் இப்படித்தான் ஆகும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கவேலுக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

“காலைல நாலரைக்கு ஊட்டாண்ட வாங்க சார். பாத்திரத்தக் கவுத்துக் காட்டிட்டே கறக்கறேன்.”

யாரும் வரவில்லை. மறுமாதம் முதல் தேதியிலிருந்து, பச்சை இலைப் படம் ஒட்டிய கண்ணாடிப் புட்டிகள் அடுக்ககத்துக்கு வரத் தொடங்கின. ‘இயற்கைப் பால், மரபணு மாற்றமற்ற தீவனம்’ என்று இலைக்குக் கீழே அச்சிட்டிருந்தது.

இரண்டு மாடுகளை விற்றுவிட்டு, மீதியின் பாலைத் தங்கவேல் ஊரிலிருந்த ஒரு தனியார் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றலானார். அங்கே கொழுப்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்தார்கள். மாடு என்ன தின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே பருத்திக்கொட்டை மீண்டும் ஊறத் தொடங்கியது, ஆடையும் தடித்தது. ஒரு நாள், கேன்களை ஏற்றிக்கொண்டிருந்த வண்டியின் பின்கதவில் அதே பச்சை இலையைக் கண்டார்.

“இந்தப் பாலு எங்கப்பா போவுது?” என்று ஓட்டுநரைக் கேட்டார்.

“எங்கெங்கயோ போவுது அண்ணாத்தே. எனக்கு இன்னா தெரியும்?”

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மாலை, நெமிலிச்சேரி நிலைய நடைமேடையில் நிவேதிதா அவரைக் கண்டு நின்றாள்.

“நல்லா இருக்கீங்களாண்ணா?”

“கீறேம்மா. இப்ப வர்ற பாலு எப்டி கீது?”

“நல்லா கெட்டியா இருக்குண்ணா. முன்னாடி நீங்க குடுத்த பால் மாதிரியே.”

“புள்ளைக்குத் தடிப்பு?”

“அது அப்படியேதான் இருக்கு.”

அந்த இலையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். தம்முடைய பால்தான் அந்தப் புட்டிக்குள் போகிறது என்பதற்கு அவரிடம் என்ன சான்று? ஒரு வண்டிக் கதவுதானே. தண்ணீர் கலந்தவன் என்று நிறுத்தப்பட்டவன், வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்பார்கள். வேறொன்றைத்தான் சொன்னார்.

“நா தண்ணி கலக்கலம்மா.”

“அட, விடுங்கண்ணா. பழைய கதை. நாங்க யாரும் அதை மனசுல வெச்சுக்கல.”

மன்னித்துவிட்டார்கள் என்பது அவருக்கு விளங்கியது. ரயில் வந்தது, அவள் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலை, தங்கவேல் பாத்திரத்தைக் கவிழ்க்காமலே கறக்க உட்கார்ந்தார். மடியைத் தடவினார், காம்பைப் பிடித்தார். செவலை சுரப்பு விடாமல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“இன்னாய்யா, தட்ட மறந்துட்டியா?” என்றாள் வேம்புலியம்மாள்.

“யாருக்குக் காட்டணும்?”

பசு காத்திருந்தது. வெகுநேரம் கழித்து, அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். பால் இறங்கியது. சேகரிப்பு நிலையத்துக்குப் பச்சை இலை வண்டி வர இன்னும் அரைமணி இருந்தது.