அத்தை கட்டிய தூளி

வெறுந்தூளியை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. பிள்ளையே இல்லாத தூளியை ஆட்டினால் யாருக்கு வயிறு வலிக்கும் என்று நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன். அம்மா கரண்டிக் காம்பால் என் மண்டையில் ஒன்று வைத்தாள். அத்தை மட்டும் சிரித்தாள்.

"நல்லாத்தான் கேக்குறா அண்ணி. அதுக்குத்தான் நான் அதை வெறுசா வுடுறதில்லை" என்றாள்.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. விழுப்புரத்துப் பக்கம் கெடார் என்கிற ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. மாமாவுக்கு விழுப்புரம் ஸ்டேஷனில் வேகனில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. நல்ல மனுஷன். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும், அதனால் பேச வேண்டிய நேரத்தில் எல்லாம் பேசாமல் தப்பித்துக்கொள்வார். நாங்கள் திண்டிவனத்துக்குத் தெற்கே, ஊருக்கு வெளியே இருந்த எங்கள் தெருவில் இருந்தோம். அப்பா ஊருக்குள் ஒரு பெரிய வீட்டில் பண்ணை ஆள். அம்மா நாற்று நடுவாள், மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கப் போவாள். எந்த வருஷம் என்று என்னைக் கேட்கக் கூடாது, எனக்கு எழுத்தும் தெரியாது, வருஷமும் தெரியாது. வெள்ளைக்காரன் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் எல்லோரும் பொழுதோடு சாப்பிட்டுப் படுத்த காலம். எனக்கு முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் காற்று வரும்.

அத்தைக்கு உண்டானது எதுவும் தங்கவில்லை. அவள் மாமியார் வருஷக்கணக்காகப் பார்த்தாள், பிறகு ஒரு மூட்டையைக் கட்டிக் கையில் கொடுத்து அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அறுப்புப் பண்டிகை வரைக்கும் பார்ப்பாளாம். அதற்குள் அத்தை மடியில் ஒரு பிள்ளை இல்லை என்றால் மாமாவுக்கு வேறு பெண். எங்கள் சர்ச்சில் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்களே என்றால், மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டால் போகிறது என்றாளாம். அந்தக் கிழவிக்கு எந்தச் சாமியிடமும் பகை கிடையாது, காரியம் ஆனால் சரி.

மாமா சனிக்கிழமை சாயங்காலம் ரயிலில் வந்து, திண்டிவனத்தில் இறங்கி நடந்து வருவார். எங்களுக்குப் பொரி உருண்டை வாங்கி வருவார். அவர் வருவது தெரியாத எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு தடவை அத்தையைப் பார்த்து, "புருசன் அங்க, நீ இங்க. புள்ளை என்னா தபால்லயா வரும்?" என்று கேட்டாள். மறுவாரமே மாமாவைப் பார்த்தவள், "ஓ, தபால்காரரே வர்றாரா" என்றாள். அந்தப் பெரியம்மாவின் வாய் அப்படி. கேழ்வரகுக்கூழ் ஊற்றினாலும் கொதித்துப் போகும்.

தூளிக் கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனத்திலிருந்து உபதேசியார் சைக்கிளில் வருவார். கீற்றுக் கொட்டகைதான் எங்கள் சர்ச். ஒரு ஞாயிறு அவர், சாமி ஒரு கிழவிக்குப் பிள்ளை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த கதையைச் சொன்னார். அந்தக் கிழவி, இந்த வயசில் எனக்கா என்று மறைவில் நின்று சிரித்தாளாம். சாமி சொன்னபடியே கொடுத்தாராம். திரும்பி வரும் வழியில் அத்தை, வரப்பில் ஏறும்போது அம்மாவிடம் சொன்னாள்.

"அந்தக் கெழவி சிரிச்சா, அவளுக்கே குடுத்தாரு. நான் சிரிக்கக்கூட இல்லை அண்ணி. எனுக்கு இன்னும் ஜல்தியா குடுக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் தன் கல்யாணப் புடவையை எடுத்தாள். விட்டத்தில் கயிறு போட்டுத் தூளி கட்டினாள். அது வெறுமையாக இருக்கக் கூடாதே, அதனால் அம்மியிலிருந்து குழவியை எடுத்துக் கழுவி, துடைத்து, அதில் போட்டாள். எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தூளியில் போடுகிற நாளில், முதலில் குழவியைப் போட்டு நாலு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் பிள்ளையைப் போடுவார்கள். குழவியைப் போட்டதும் அடுத்தது பிள்ளைதான் என்பது அத்தையின் எண்ணம். நடுவில் எத்தனை மாசம் ஆனால் என்ன?

பேஜாரு அம்மாவுக்குத்தான். வீட்டில் இருந்ததே ஒரு குழவி. குழம்பு வைக்க வேண்டும் என்றால் தூளியிலிருந்து எடுத்து, மிளகாய் அரைத்து, கழுவித் திரும்பப் போட வேண்டும். சில நாள் தூளிப் பக்கம் போனாலே எனக்குத் தும்மல் வரும். பெரியம்மா வாசலில் நின்று, "இன்னாடி, உம்புள்ளை மொளவா அரைச்சிட்டு வந்து தூங்குறானா?" என்பாள். அத்தைக்குக் கோபமே வராது. "கஷ்டப்பட்டு வேலை செய்யிற புள்ளை, அக்கா. உம்புள்ளைங்க மாதிரி இல்ல" என்பாள்.

உபதேசியார் காதுக்கும் போயிற்று. ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னம்மா இது? கல்லைத் தூளில போட்டுக் கும்பிட்டுக்கினு இருக்க?"

"கும்பிடலைங்கய்யா. எடம் புடிச்சி வச்சிருக்கேன். ரயில்ல துண்டு போட்டு வைக்கிறாங்க இல்ல, அந்த மாதிரி."

உபதேசியார் மோர் இருக்கிறதா என்று கேட்டுக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மல்லாட்டை பிடுங்கி முடிகிற சமயம். ஒரு சனிக்கிழமை மாமா வந்தார், பொரி உருண்டை இல்லை. அதுவே எனக்குச் சந்தேகம். வாசலில் உட்கார்ந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"மச்சான், எங்கம்மா பொண்ணு பாத்துட்டாங்க. பண்டிகை முடிஞ்ச கையோட வெத்தலை பாக்கு மாத்தணும்ன்றாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது."

உள்ளே அத்தை தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொன்னவரு செய்வாரு" என்றாள். மாமாவைச் சொல்கிறாள் என்று நினைத்து அப்பா எரிச்சலோடு, "எவன் செய்வான், இவனா?" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை விரலை மேலே காட்டினாள். அங்கே ஓலைக் கூரையில் ஒரு பல்லி இருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, அம்மாவும் அத்தையும் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிறகு ஒரு தங்கச்சி. மூன்றாவதாக அப்போது அம்மா வயிற்றில் ஒன்று, நிறைமாசம். நான் தூளிக்குக் கீழே படுத்துக் காலால் குழவியை ஆட்டிக்கொண்டிருந்தேன். அம்மா உரிக்கிற கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"ஏம்மா, என் வயித்துல கீறது உனுது. ஆணோ பொண்ணோ, நீ எடுத்துக்கினு போ."

அத்தை கையில் இருந்ததை உரித்து முடித்தாள்.

"நான் சாமியாண்டதான் கேட்டேன் அண்ணி. உன்னாண்ட கேக்கலியே."

"சாமி நேர்ல வந்து குடுப்பாரா? யார் கையிலயாச்சும்தான் குடுத்து அனுப்புவாரு."

அதன் பிறகு அத்தை பருப்பைத் தொப்பி என்கிற ஓட்டுக் குவியலில் போட்டாள், தொப்பியைக் கூடையில் போட்டாள். மாற்றி மாற்றிப் போடுகிறாளே என்று எனக்கு ஒரே சிரிப்பு. குவியலில் விழுந்த பருப்பை எல்லாம் பொறுக்கித் தின்றேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த லாபம் அதுதான், பேச்சு விளங்கவில்லை.

பிள்ளை பிறந்த அன்றைக்கு எங்களைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது குழவி சுவரோரம் நின்றது. தூளியில் சிவப்பாக ஒரு பிள்ளை, கையை முறுக்கிக்கொண்டு. ஆண் பிள்ளை. எங்கள் வீட்டில் முதல் ஆண். அப்பா வாசலில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடுத்ததைக் குடுக்கலாம்டி" என்றார் அம்மாவிடம்.

"அது ஆணா பொண்ணான்னு பாத்தா சொன்னேன்? சொன்னது சொன்னதுதான்" என்றாள் அம்மா, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி.

நான் அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நம்ம பிள்ளை எங்கே என்றேன். "சாமி அத்தைக்குக் குடுத்துட்டாரு" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பல்லில்லாத வாயால் தெரு முழுக்க ஓடிச் சொன்னேன், சாமி சொன்னபடி கொடுத்துவிட்டார், சாமி சொன்னபடி கொடுத்துவிட்டார் என்று. பெரியம்மாவிடம் சொன்னபோது அவள் வாயில் இருந்து கிண்டல் ஒன்றும் வரவில்லை. அதிசயம். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆமாண்டி கண்ணு, குடுத்துட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.

பண்டிகை வரைக்கும் அம்மாதான் பால் கொடுத்தாள். அத்தை பிள்ளைக்கு நீ ஏன் கொடுக்கிறாய் என்று கேட்டதற்கு, அத்தையிடம் பால் இல்லை என்றாள். நியாயம்தானே.

அறுப்புப் பண்டிகையன்று கொட்டகை முழுக்கப் பூசணிக்காய், கோழி, மல்லாட்டை மூட்டை, ஒரு ஆட்டுக்குட்டி. சாமிக்கு என்று கொண்டுவந்து வைத்ததை எல்லாம் பிறகு ஏலம் விடுவார்கள். கோழிகள் கத்துகிற சத்தத்தில் உபதேசியார் சாட்சி சொல்ல அத்தையைக் கூப்பிட்டார். பிள்ளையோடு எழுந்து நின்றாள். பெரிதாகச் சொல்வாள் என்று எல்லோரும் பார்த்தோம். "கேட்டேன். குடுத்தாரு" என்றாள், உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மா, எல்லோரும் சொல்லி அடங்கின பிறகு தனியாக ஒரு தரம் சொன்னாள்.

அன்றைக்கே மாமியார்க் கிழவி ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளையின் கை, கால், காது எல்லாவற்றையும் சந்தையில் கன்று பார்ப்பதுபோல் பார்த்தாள். யார் வயிற்றில் பிறந்தால் என்ன, மருமகள் மடியில் இருக்கிறது, போதும் என்றாள். வெள்ளாடு ஈன்றிருக்கிறது, பாலுக்குக் கவலை இல்லை என்றாள். தூளியை அவிழ்க்கப் போன அத்தையைத் தடுத்து, வீட்டில் மரத் தொட்டிலே இருக்கிறது என்றாள். வண்டி ஏறுமுன் அம்மாவிடம் வந்தாள்.

"ஒரு புள்ளைக்கு ரெண்டு ஆத்தா ஆவாதும்மா. நீ வந்து வந்து பாத்துக்கினு இருந்தா அது உங்கிட்டயேதான் ஓடும். நாலஞ்சு வருசம் அந்தப் பக்கம் வராத."

அம்மா தலையாட்டினாள். மாமா அன்றைக்கு வெற்றிலை போடாமல் வந்திருந்தார். அம்மா காலில் விழப் போனார். "அண்ணே, எழுந்திருங்க, வண்டிக்கு நேரமாவுது" என்றாள். அத்தை அழுதுகொண்டே இருந்தாள். கேட்டது கிடைத்தவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அந்தப் பிள்ளை இன்றைக்கும் நன்றாக இருக்கிறான். பேரன் பேத்தி எடுத்து, தலை என்னைவிட வெளுத்துவிட்டது. முதல் முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது அரை டிரவுசர் போட்டிருந்தான், ஒரு கிறிஸ்துமசுக்கு. வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து, "அத்தை, தண்ணி குடு" என்றான். அம்மா சொம்பு நிறையக் கொண்டுவந்து, அவன் குடிக்கிறவரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தைன்னு எவ்ளோ சுத்தமா சொல்றாம் பாரு" என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பெரியம்மா என்னைக் காட்டி அவனிடம், "உன் மொறைப்பொண்ணுடா, கட்டிக்கிறியா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டாள். அம்மா துடைப்பத்தைத் தூக்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவனுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டும் பெண்ணாகவே பிறந்தது. சாமி வாக்குத் தவறினார் என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். அத்தைக்குச் சொன்னதைச் செய்தார். அவர் எடுத்துக் கொடுத்த இடம் என் அம்மாவின் மடி, அதுதான் எனக்கு ஆறவில்லை.

வண்டி போன சாயங்காலத்தைத்தான் சொல்ல வந்தேன். வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் அம்மா உள்ளே வந்து, சுவரோரம் இருந்த குழவியை எடுத்து மிளகாய் அரைத்தாள். குழம்பு வைத்தாள். குழவியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அது அம்மிமேல் போக வேண்டியதுதானே, இனிமேல் அதற்கு வேறு வேலை இல்லையே? அம்மா அதை முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள். தூளியில் போட்டாள். ஆட்ட ஆரம்பித்தாள். அவள் மாராப்பு நனைந்திருந்தது. கழுவும்போது தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, அத்தைக்குத்தான் புள்ளை வந்துடுச்சே. இன்னும் யாருக்கு எடம் புடிக்கிற?"

"வெறுசா வுடக் கூடாதுடி" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது போல் இருந்தது. அம்மாவும் சாமியிடம் கேட்டுவிட்டாள், எங்கள் வீட்டுக்கும் ஒரு தம்பி வரப்போகிறான். அந்தச் சந்தோஷத்தில் ஓடிப்போய், அம்மாவுக்கு எதிரே நின்றுகொண்டு, நானும் ஒரு கை பிடித்து ஆட்டினேன்.