கும்பத்துக்கு வருஷம் முழுக்க வெற்றி

சவரிராஜ் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் காலையில் பல்கூட விளக்காமல் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பன்னிரண்டு ராசிகளில் தன் ராசிக்கு நேரே ‘பாராட்டு’ என்று கண்டு, காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டு போனவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அந்தப் பாராட்டு முழுவதும் சவரிராஜ் போட்ட பிச்சை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தோரு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் பஞ்சாங்கம் கணிப்பவர் எழுதி அனுப்பிவிடுவார். அந்த ஒற்றை வார்த்தைப் பலனை மட்டும், “அத நீங்களே பாத்துப் போட்டுக்கங்க” என்று விட்டுவிடுவார். சவரிராஜும் பார்த்துப் போட்டுக்கொள்வார். வெற்றி, நன்மை, சுகம், பாராட்டு என்று ஒரு பக்கம்; தடங்கல், பயம், சோர்வு, மறதி, இழப்பு என்று இன்னொரு பக்கம். ஆக மொத்தம் நாற்பத்தெட்டு வார்த்தை. சட்டம் இரண்டே இரண்டு. ஒரு ராசிக்குத் தொடர்ந்து மூன்று நாள் கெட்டது வரக் கூடாது. வந்தால் அந்த ராசிக்காரர்கள் வேறு காலண்டர் வாங்கிவிடுவார்கள். தொடர்ந்து மூன்று நாள் நல்லதும் வரக் கூடாது. வந்தால் நம்ப மாட்டார்கள்.

இதில் கூத்து என்னவென்றால், அவருக்கு ராசியே கிடையாது. கத்தோலிக்கக் குடும்பம். ஞானஸ்நானம் கொடுத்த தேதி கோயில் பதிவேட்டில் இருக்கிறது. பிறந்த நேரம் பெற்றவளுக்கே நினைவில்லை. ஊருக்கெல்லாம் பலன் சொல்வது பாவமோ என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துபார்த்தார். சாமியார் பொறுமையாகக் கேட்டார். மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொன்னார். பிறகு தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரலைத் தாழ்த்தி, “கன்னிக்கு இந்த மாசம் எப்படி?” என்று கேட்டார். அன்றோடு சவரிராஜுக்குக் குற்ற உணர்ச்சி போய்விட்டது.

இப்படி நிம்மதியாக இருந்த மனுஷனுக்கு, ஐம்பத்தொன்பதாவது வயதில், ஆனி மாதத்தில் ஒரு நாள் அச்சக மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் ஆளை உட்கார வைக்கிற மாதிரி ஒரு வலி வந்தது. மதுரையில் பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்று அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். செய்தால் பிழைப்பாரா என்று சவரிராஜ் கேட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் பிழைத்துவிடுவார்கள் என்றார் டாக்டர். சவரிராஜின் மூளை அந்தத் தொண்ணூற்றேழு பேரையும் வாசலோடு அனுப்பிவிட்டு, மிச்சம் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

அச்சகத்திலோ சீசன். ஆடிப் பெருக்குக்குள் அடுத்த வருஷ மாதிரிகள் வெளியாக வேண்டும். அதனால் மற்ற ஊர்களில் ஆனி நடக்கும்போது சிவகாசியில் மட்டும் அடுத்த வருஷம் தை, மாசி ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை வருஷமாக அப்படித்தான் முன்னால் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். மதுரைக்குப் போய்வந்த மறுநாள், மார்ச் மாதத்துத் தாள் ஒன்றுக்குப் பலன் போட்டுக்கொண்டிருக்கையில்தான், இந்தத் தாளைக் கிழிக்கிற அன்றைக்கு நாம் இருப்போமா என்று முதன்முதலாகத் தோன்றியது. தோன்றியதுதான் தாமதம், வேர்த்துக் கொட்டிவிட்டது. செத்துப்போக அவருக்குத் துளிக்கூட விருப்பமில்லை. எல்லோரும் ஒரு நாள் போகவேண்டியதுதான் என்று துட்டி வீடுகளில் தானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதெல்லாம் அடுத்தவர்களைப் பற்றிச் சொன்னது.

பக்கத்தில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த பாண்டிச்செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“பாண்டிச்செல்வி, எனக்கு ஒரு ராசி வேணும்.”

“என்ன சார்?”

“பொறந்த நேரம் தெரியாதவுகளுக்கு ராசி எப்படிப் பாப்பாக?”

“பேர வச்சுப் பாப்பாக சார். ஒங்களுக்குக் கும்பம் வரும்.”

அவ்வளவுதான், சவரிராஜ் கும்பராசிக்காரர் ஆகிவிட்டார். நேரே வீட்டுக்குப் போய், சுவரில் தொங்கிய இந்த வருஷக் காலண்டரில் ஆபரேஷனுக்குக் குறித்த வியாழக்கிழமையைத் தூக்கிப் பார்த்தார். கும்பம்: தடங்கல்.

அவர் மனைவி ஞானதீபம் முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊசிக்குப் பயந்து ஓடியவர்களைத் துரத்திப் பிடித்துப் போட்ட கை அது. அவளிடம் போய், தடங்கல் என்று போட்டிருக்கிறது, தேதியை மாற்று என்றார்.

“யாரு போட்டா?”

“நாந்தான்.”

“எப்பப் போட்டீக?”

“போன வருசம். புரோட்டா சாப்பிட்டுட்டு, ஒறக்கக் கலக்கத்துல.”

“எழுதுனதும் நீங்க, பயப்படுறதும் நீங்க. நடுவுல அந்த டாக்டரு என்னங்க பாவம் பண்ணுனாரு?”

ஆனாலும் மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, அவளே போன் பேசி அடுத்த செவ்வாய்க்கு மாற்றினாள். செவ்வாய்க்கிழமை, கும்பம்: பயம். போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ‘வெற்றி’ இருக்கிறதே என்று போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் மனுஷன்தான் என்றாள் ஞானதீபம். மூன்றாவதாக அதற்கடுத்த வியாழன் கிடைத்தது. இதற்குமேல் தள்ளினால் கத்திக்கு வேலை இருக்காது, மாலைக்குத்தான் வேலை இருக்கும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்த வியாழனுக்குக் கும்பம்: இழப்பு.

அன்றைக்கு ஞானதீபம் திட்டவில்லை. அடுப்படியில் போய் நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினாள். சவரிராஜுக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

இந்த வருஷத்துத் தாளை ஒன்றும் செய்ய முடியாது. அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. அடுத்த வருஷம் கையில்தானே இருக்கிறது? கும்பத்தில் இருந்த கெட்டதையெல்லாம் பிடுங்கினார். வெற்றி, சுகம், ஆரோக்கியம், வெற்றி, நிம்மதி, சுகம், மறுபடி வெற்றி. முன்னூற்று அறுபத்தைந்து நாளும் கும்பராசிக்காரனுக்கு ஒரு தும்மல்கூட வராது. பிடுங்கிய கெட்டதை எங்காவது கொட்ட வேண்டுமே. பக்கத்தில் மகரம் சும்மா இருந்தது, அதில் கொட்டினார்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம், பட்டாசுக் கம்பெனி வேன் அச்சக வாசலில் நின்றது. ஒரு பெண் இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரைக்கும் வெள்ளி நிறத்தில் பட்டாசு மருந்துப் பூச்சு. கையில் சுருட்டிய தாள்கள். பாண்டிச்செல்வியின் அம்மா வேலுத்தாய். மகள் சாப்பாட்டுத் தூக்கைச் சுற்றிக் கொண்டுபோன புரூஃப் தாள்களை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“மகரத்துக்கு எழுதுறது யாரு?”

பாண்டிச்செல்வி கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

“நாந்தாம்மா” என்றார் சவரிராஜ்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கும் எனக்கும் முன்னப் பின்னப் பழக்கம் உண்டா? தண்ணிக் கொழாயில சண்டை கிண்டை உண்டா?”

“இல்லையேம்மா.”

“பெறகு எதுக்கு அண்ணாச்சி என்னைய வருசம் பூராம் இப்படிப் போட்டு மிதிக்கிறீக? இங்கன பாருங்க. பயம். சோர்வு. தடங்கல். மறுக்கா பயம். பொங்கலு அன்னிக்கு இழப்பு! பொங்கலு அன்னிக்கு நான் என்னத்த இழக்க, பானையவா?”

பொய் சொல்லித் தப்பிக்க அவருக்குத் தெம்பில்லை. நெஞ்சு வலி, மூன்று அடைப்பு, கும்பம், வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. வேலுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து, அடுக்கியிருந்த தாள்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஆத்தாடி! இம்புட்டு வருசமா இத எழுதுறது சாமியாடி மாதிரி ஒரு ஆளுன்னுல்ல நெனச்சேன்!”

“சிரிக்காத தாயி. நெசமாவே பயமா இருக்கு.”

“சரி சரி, சிரிக்கல.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தெனமும் ஒங்க தாளைப் பாத்துட்டுத்தான் அண்ணாச்சி வேன்ல ஏறுறேன். பயம்னு போட்டிருந்தா, சரி, இன்னிக்குப் பயந்து வேலை பாப்போம்னு போவேன். வெற்றின்னு போட்டிருந்தா அன்னிக்குத்தான் எனக்கு ரொம்ப ஒதறும்.”

“அது ஏன்?”

“அன்னிக்குத்தான கவனம் போயிரும்!”

“இழப்புன்னு போட்டிருந்தா?”

“போகத்தான் செய்வேன். ஒருக்க தூக்குவாளி மூடி தொலஞ்சுச்சு.”

“உசுரு மேல ஆசை இல்லையா ஒனக்கு?”

வேலுத்தாய்க்குச் சிரிப்பு நின்றது.

“இல்லன்னு யாரு சொன்னா? கம்பெனி கேட்டைத் தாண்டுறப்ப இந்த இருவது வருசத்துல ஒரு நாளாச்சும் அடிவயிறு கலங்காம இருந்ததில்ல. என் கூட வேலை பாத்தவ ரெண்டு பேரு இப்ப இல்ல. அது பாட்டுக்குக் கலங்கும், நான் பாட்டுக்கு மருந்து அடைப்பேன். கலக்கம் நின்னதுக்குப் பெறகு போவோம்னு இருந்தா, நான் இன்னும் எங்க வீட்டு வாசல்லதான் நிக்கணும்.”

கையிலிருந்த தாள்களை அவரிடம் நீட்டினாள். “இப்ப என் மகரத்தச் சரிபண்ணுங்க. பண்ணாம நான் எந்திரிக்க மாட்டேன்.”

சவரிராஜ் பாண்டிச்செல்வியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி வேலுத்தாய் வார்த்தைகளைப் பொறுக்கினாள். “அந்தச் சுகத்த இங்கிட்டுத் தள்ளுங்க. பாராட்டா? என்னைய எவன் பாராட்டப் போறான், சரி, கெடக்கட்டும். மறதி நானே வச்சுக்கிடுறேன், அது எனக்குப் பழகிப் போச்சு.” நல்லது மகரத்துக்கு வர வர, கெட்டது கும்பத்துக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பொங்கல் நாளுக்கு வந்தபோது அவர் கை கீபோர்டின் மேல் நின்றுவிட்டது.

“போடுங்க அண்ணாச்சி. கடிக்காது.”

போட்டார். கும்பம்: இழப்பு. எழுந்து வீட்டுக்கு நடந்தார். அடிவயிறு கலங்கியபடியேதான் இருந்தது. ஞானதீபத்திடம், “வியாழக்கிழமையே போவோம்” என்றார். அவள் அவரை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, எங்கே மனசை மாற்றிக்கொள்வாரோ என்று அப்போதே பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் ஒரு பச்சை அங்கி கொடுத்தார்கள். முன்பக்கம் முழுசாக இருந்தது. பின்பக்கம் இரண்டு நாடாவை நம்பித் திறந்து கிடந்தது. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் மனைவி முன்னால்கூடத் துண்டில்லாமல் நின்றறியாத மனுஷன், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றார். ஞானதீபம் இழுத்துத் திருப்பி நிறுத்தி, முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

“ஞானம்.”

“ம்.”

“எனக்குச் சாக இஷ்டமில்ல.”

இந்தப் பேச்சை வார்டில் எத்தனையோ பேர் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். ஒவ்வொருவருக்கும் பட்டென்று ஒரு பதில் சொல்லி, ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறாள். இப்போது முடிச்சைப் பாதியிலேயே விட்டாள்.

“எனக்கும் நீங்க சாக இஷ்டமில்லங்க” என்றாள்.

பக்கவாட்டில் வந்து அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். இடது கையில் குளுக்கோஸ் குழாய் ஏறியிருந்தது. ஆபரேஷன் தியேட்டர் அதே மாடியில் நீண்ட வராந்தாவின் கடைசியில் இருந்தது. நடந்தே வந்துவிடலாம் என்றார்கள். பாதி தூரம் போனதும், பாதியில் விட்ட முடிச்சு அவிழ்ந்துகொண்டது. முதுகில் குப்பென்று காற்று அடித்தது. இரு பக்கமும் பெஞ்சுகளில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை விரலை நீட்டிச் சிரித்தது. அங்கியைப் பிடிக்க வேண்டுமென்றால் அவள் கையை விட வேண்டும்.

“என்னங்க, பின்னால அவுந்திருச்சு. கைய விடுங்க, கட்டிவிடுறேன்.”

“விட மாட்டேன்” என்றார் சவரிராஜ். “பாக்குறவுக பாத்துட்டுப் போகட்டும்.”

வராந்தா முழுவதும் பார்த்தது. அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காத்து வாங்கியபடியே தியேட்டர் கதவு வரைக்கும் நடந்தார். கதவு திறந்தது. அங்கேதான் கையை விட்டார்.