இல்லாத பெண்ணுக்கு ஒரு விசாரணை

நான் அந்த விலாசத்தில் இல்லவே இல்லை என்று போலீஸ் அறிக்கை போயிருந்தது. பாஸ்போர்ட் ஏன் வரவில்லை என்று கேட்கப் போன இடத்தில், எழுத்தர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிறந்ததிலிருந்து நான் இருப்பது அதே வீட்டில்தான். அன்று காலைகூட அங்கேதான் பல் விளக்கிவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

அப்போது பொன்னேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என்.சி.சி.யிலும் இருந்தேன். படிப்பு முடிந்ததும் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குப் போவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மற்ற எல்லாருக்கும் இருந்தது. அந்த வருடம், அதிகாரியாக விரும்பும் கல்லூரி மாணவர்களை வெளிநாட்டு ராணுவக் கல்லூரி ஒன்றுக்கு முழு உதவித்தொகையோடு அனுப்பும் திட்டத்தில் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முகாமில் சேற்றில் உருண்டு, பெரிய அதிகாரிகள் முன்னால் உளறாமல் பேசி வாங்கிய இடம். குறித்த நாளுக்குள் பாஸ்போர்ட் கைக்கு வராவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிற பெண் போய்விடுவாள் என்று எங்கள் என்.சி.சி. மேடம் சொல்லிவிட்டார். அந்தப் பெண் ரொம்ப நல்லவள். அதனால் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

இது யார் வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் காலனியின் வேலைதான்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூர் போகும் வழியில், ரோலிங் மில் ஆட்கள் குடியிருக்கும் காலனி அது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது மில்லில் கதவடைப்பு நடந்தது. போலீஸ் வண்டி காலனிக்குள் வந்து ஆண்களை அள்ளிக்கொண்டு போனது. அதிலிருந்து எங்கள் ஊரில் ஒரு வழக்கம். காக்கிச் சட்டைக்காரர் யார் வந்து யாரைக் கேட்டாலும், அப்படி ஒரு ஆள் இங்கே கிடையாது என்று சொல்லிவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்குக்கூட இந்தப் பாடம் அத்துபடி. புதிதாக வந்த தபால்காரர் காக்கி போட்ட பாவத்துக்கு ஒரு மணியார்டரோடு தெருத்தெருவாக அலைந்தார். பணம் யாருக்கு வந்திருந்ததோ அந்த மனிதரே அவர் முகத்தைப் பார்த்து, அந்தப் பேரில் யாரும் இல்லையே என்று அனுப்பிவைத்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ரயில் விட்டு இறங்கி நேராகப் பக்கத்து வீட்டு அத்தையிடம் போய், என் வாழ்க்கையையே கெடுத்துவிட்டீர்களே என்று கத்தினேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கள ஏன்மா கேக்கற? உங்க நைனா தான் வாசல்ல நின்னுக்கினு சொல்லி அனுப்பினாரு.”

நம்பவில்லை. நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா, என் பயணத்துக்காகப் புதுப்பெட்டி பார்த்து வைத்திருந்தார். மில்லில் கூட வேலை செய்பவர்களிடம், பொண்ணு பிளேன்ல போவுது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தவர். பாஸ்போர்ட்டுக்கு விசாரணை வரும் என்று நான்தான் முன்கூட்டியே அவருக்குச் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஷிப்ட் முடிந்து வந்து அவர் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். சோற்றைப் பிசைந்த கை நின்றது.

“ஆமா, சொன்னேன்.”

“இன்னா நைனா சொன்ன?”

“எனக்குப் பொண்ணே இல்லன்னு சொன்னேன்.”

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. பெற்ற தகப்பன் நடுவாசலில் நின்று, எனக்குப் பெண்ணே இல்லை என்று ஊர் கேட்கச் சொல்லியிருக்கிறார். நீ எல்லாம் ஒரு அப்பனா என்று கேட்டேன். கேட்டது கேட்டதுதான்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். வந்தவர் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தாராம். ஆனால் தலைமுடி வெட்டும் பூட்ஸும் போலீஸ் என்று காட்டிக்கொடுத்ததாம். பாஸ்போர்ட் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. அந்தப் பொண்ணு ஊட்ல இருக்குதா என்று மட்டும் கேட்டாராம்.

“மில்ல மூடின அன்னிக்கும் இதே தான் கேட்டாங்கோ. தம்பி ஊட்ல இருக்கானான்னு. கீறான் சார்னு சொன்னேன். தூங்கினு இருந்தான். நான் தான் எழுப்பி, சட்டைய மாட்டி, விசாரிச்சிட்டு உட்ருவாங்க போய்ட்டு வாடான்னு அனுப்பினேன்.”

சித்தப்பா திரும்பி வந்தபோது ஒரு கால் விளங்கவில்லை. மில் வேலையும் போனது. ஆந்திரா பக்கம் சூளூர்பேட்டையில் குடியேறியவர் எங்கள் வாசலை மிதித்ததே இல்லை. மனைத் தகராறு என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். இத்தனை வருடமும் நானும் அப்படியே நம்பியிருந்தேன். நைனா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மேடம் விஷயத்தைக் கேட்டுவிட்டு உடனே போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினார். அப்பாவே நேரில் வந்து சொன்னால் மறு அறிக்கை அனுப்புகிறோம், அதுவும் அந்த வாரமே வர வேண்டும் என்றார்கள். யூனிபார்மில் போ, மரியாதையாக நடத்துவார்கள் என்று மேடம் சொன்னதால் என்.சி.சி. காக்கியை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன். நைனா வரமாட்டார் என்றே நினைத்தேன். கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார்.

ஸ்டேஷன் படியில் செருப்பைக் கழற்றினார். இங்கே கழற்ற வேண்டாம் என்றேன், காதில் விழவில்லை. உள்ளே இருந்த ஏட்டு, எனக்கு அண்ணன் என்று சொல்லும் வயதில்தான் இருந்தார். தன்மையாகத்தான் பேசினார். என்னைக் காட்டி, இது யார் என்று நைனாவைக் கேட்டார்.

நைனா வாய் திறக்கவில்லை. ஏட்டு மறுபடி கேட்டார். நைனாவின் கழுத்தில் வேர்வை ஓடி, வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பழுக்கக் காய்ச்சிய கம்பியை இடுக்கியில் பிடித்து இழுக்கும் கை அது. அந்தக் கை சட்டை நுனியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. போனால் போகட்டும், அந்த நல்ல பெண்ணே போகட்டும், வா நைனா வீட்டுக்குப் போவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

“என் பொண்ணு சார். ஊட்ல தான் கீது. இட்டுக்கினு போயிடாதீங்க சார்.”

ஏட்டு சிரித்துவிட்டார். யோவ், நாங்க எங்கய்யா இட்டுக்கினு போறோம், அதுதான் பாரின் போவுது என்று தேற்றினார். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். நைனா உட்காரவில்லை. ஏட்டு எழுதி முடித்து, கையெழுத்து வாங்க என்னை மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் போய் அவர் அருகில் நின்றேன். எதிரே நைனா, காக்கி போட்ட எங்கள் இருவரையும் பார்த்துக் கும்பிட்டபடியே நின்றுகொண்டிருந்தார்.